அட்லஸில் இருக்கிற கணையம் சிடியில் எங்கே போகிறது?

கேள்வி: இரண்டாம் வருட மாணவி, 18.08.2024, இரவு 9:12

பி.எஸ்சி ரேடியோகிராஃபி படிக்கிறேன். முதல் வருடம் அனாடமியில் நல்ல மார்க். எலும்பு, தசை, தமனி, எதைக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இப்போது சிடி போஸ்டிங். திரையில் ஒரு வயிற்றைப் போட்டு "கணையத்தைக் காட்டு" என்றார்கள். கல்லீரலைத் தவிர எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அட்லஸில் மஞ்சள் நிறத்தில் அழகாகப் படுத்திருக்கிற கணையம் இங்கே எங்கே போயிற்று? கூடப் படிக்கிறவர்கள் 3டி ஆப் ஒன்று வாங்கினால் போதும் என்கிறார்கள். சீனியர் ஒருவர், டிஸெக்‌ஷன் ஹாலில் அறுத்து வைத்த பாடி பார்க்காதவருக்கு சிடி வராது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரவுப்பணி, 18.08.2024, இரவு 11:50

இரண்டு பேருமே தப்பு. ட்யூட்டியில் இருக்கிறேன், காலையில் எழுதுகிறேன்.

இரவுப்பணி, 19.08.2024, காலை 8:20

டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிடி அறையில் பதினேழு வருடம் ஆகிறது. போஸ்டிங் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

முதலில், ஆக்ஸியல் படத்தை, அதாவது உடலைக் குறுக்கே அறுத்த மாதிரி வருகிற படத்தை, எங்கே நின்று பார்க்கிறோம்? நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். நாம் அவர் கால்மாட்டில் நின்று தலைப்பக்கம் பார்க்கிறோம். அதனால் அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் வரும், கல்லீரலும் திரையின் இடப்பக்கம் வரும். ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் கட்டில் முனையில் நிற்பதுபோல நினைத்துக்கொண்டால் மறக்காது. பலர் தலைமாட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதாக மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, கணையத்தைத் தேடாதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் தெரியாத ஆளைத் தேடி அலைவதைவிட, தெரிந்த ஆள் பின்னாலேயே போனால் அவர் யார் வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்துவிடும். அந்தத் தெரிந்த ஆள் அயோர்ட்டா, அதாவது பெருந்தமனி. முதுகெலும்புக்கு முன்னால், நோயாளியின் இடப்பக்கம் சற்றே ஒதுங்கி இருக்கும். கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாயை வெள்ளையாகக் காட்டுகிற மருந்து) போட்டிருந்தால் ட்யூப்லைட் மாதிரி எரியும். உதரவிதானத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். மவுஸ் சக்கரத்தை ஒவ்வொரு ஸ்லைஸாக உருட்டுங்கள். பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் முன்பக்கம் ஒரு மூக்கு நீளும். அது சீலியாக், கல்லீரல், இரைப்பை, மண்ணீரலுக்குப் போகிற தமனி. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே இன்னொன்று கிளம்பும், ஆனால் அது பக்கவாட்டில் ஓடாமல் தனி வட்டமாகக் கீழ்நோக்கி நடக்கும், சுற்றிலும் கொழுப்பு ஒரு கருப்பு வளையம் போட்டிருக்கும். அது எஸ்.எம்.ஏ., குடலுக்குப் போகிற தமனி. அயோர்ட்டாவுக்கும் இதற்கும் நடுவே, இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு சிரை குறுக்கே வந்து வலப்பக்கம் இருக்கிற ஐ.வி.சி.யில் (கீழ்ப்பெருஞ்சிரை) சேரும். பாக்குவெட்டிக்குள் வைத்த பாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்தப் பாக்குவெட்டி நிஜமாகவே இறுகி, சிறுநீரில் ரத்தம் வரும்.

எஸ்.எம்.ஏ.வுக்கு வலப்பக்கத்தில் அதைவிடப் பருத்த வட்டம் எஸ்.எம்.வி., குடலிலிருந்து வருகிற சிரை. இப்போது திரும்பி மேலே ஏறுங்கள். மண்ணீரலிலிருந்து நீளமாக ஒரு சிரை வந்து இதில் சேர்கிற இடம் வரும். அந்தச் சிரையின்மேல், மெத்தையில் சாய்ந்த மாதிரி, சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் மேடுபள்ளமாக ஒன்று படுத்திருக்கிறதா? நீங்கள் தேடிய ஆள் அதுதான்.

ஆனால் முழு ஆளும் ஒரே ஸ்லைஸில் பெரும்பாலும் கிடைக்காது. வால் மேலே மண்ணீரல் வாசல்வரை போகும், தலை கீழே முன்சிறுகுடலின் வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும். பத்து இருபது ஸ்லைஸில் துண்டு துண்டாக வருவதை மனதுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் பயிற்சி. உங்களுக்கு ஊர்ப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம், அந்த பஸ்ஸில் இன்னும் போனதில்லை, அவ்வளவுதான்.

இரவுப்பணி, 19.08.2024, மாலை 6:05

"3டி ஆப் தப்பா அண்ணா?" தப்பில்லை. ஆனால் ஆப்பில் உறுப்பைச் சுழற்றலாம், மறைக்கலாம், நிறம் மாற்றலாம். எல்லாம் நம் சௌகரியம். சிடியில் ஒருவர் மூச்சை அடக்காமல் விட்டிருப்பார், ஒருவர் குடல் முழுக்க காற்று, ஒருவர் கோணலாகப் படுத்திருப்பார். ஆப்பில் இருக்கிற மனிதர் சாப்பிடுவதே இல்லை.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. 3டி ஸ்லைசர் என்று ஸ்கேன் பார்க்கிற சாஃப்ட்வேர் ஒன்று இலவசம். பெயர் நீக்கிய நிஜ ஸ்கேன்கள் கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ் என்கிற இணையதளத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு லேப்டாப் போதும்.

இரவுப்பணி, 23.08.2024, இரவு 10:30

மேலே இருக்கிற என் குறிப்பைப் பார்த்து ஒரு ரேடியாலஜி டாக்டர் தனியாக எழுதினார். "இடது சிறுநீரகச் சிரை அயோர்ட்டாவுக்கு முன்னால்தான் போகும் என்கிற மாதிரி எழுதிவிட்டீர்களே" என்று. சரிதான். சிலருக்குப் பின்னால் போகும். சிலருக்கு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிந்து அயோர்ட்டாவை வளையமாகச் சுற்றும். சிறுநீரக தானம் கொடுக்க வருகிறவருக்கு சிடி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சர்ஜனுக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகிற தமனியும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். இரண்டு, மூன்று போகிற ஆட்கள் நிறையப் பேர். கல்லீரலின் வலது பாதிக்குப் போகிற தமனி சிலருக்கு எஸ்.எம்.ஏ.விலிருந்து கிளம்பும்.

அனாடமி புத்தகத்தில் இருப்பவர் சராசரி மனிதர். அவரை நான் ட்யூட்டியில் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு கதை. விடியற்காலை மூன்று மணி, வயிற்றுவலியோடு ஓர் இளைஞர். ஸ்கேன் ஓடியதும் கல்லீரல் திரையின் வலப்பக்கம் வருகிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. படுக்க வைத்த திசையைக் கன்சோலில் மாற்றிப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். சரிபார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே போய் அவர் மார்பில் கை வைத்தேன். துடிப்பு வலப்பக்கம். அவரே சிரித்துக்கொண்டு, "ஆமா சார், எனக்கு எல்லாமே மாத்தி இருக்குன்னு சின்ன வயசிலயே சொல்லிட்டாங்க" என்றார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "வயித்துவலின்னு வந்தேன், நெஞ்சு பத்தி யாரும் கேக்கலையே."

இரவுப்பணி, 25.08.2024, காலை 9:45

ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டே டைப் செய்கிறேன். சைவக்காரர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடலாம்.

எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர் எனக்கு முதல் அனாடமி வாத்தியார். ஆட்டு ஈரலிலிருந்து பித்தப்பையை எடுக்கிற அழகைப் பாருங்கள். உடைந்தால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும் என்று, ஒட்டியிருக்கிற படுகையோடு சேர்த்து நைசாக உரிப்பார். பித்தப்பை கல்லீரலின் அடிப்பக்கம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை எந்தப் படமும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை. சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, கையில் வாங்கிப் பாருங்கள். வழவழவென்று, கொஞ்சம் அழுத்தினால் பிய்ந்து வருகிற பதம். மண்ணீரல் விபத்தில் ஏன் அவ்வளவு சுலபமாகக் கிழிகிறது என்று பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. (ஊருக்குப் புதிதாக வந்த வடநாட்டு டாக்டர் ஒருவரிடம் சுவரொட்டி சாப்பிட்டேன் என்று சொன்னேன். அவர் தமிழ் படிக்க ஆரம்பித்திருந்த சமயம். போஸ்டரையா என்று கேட்டார்.)

கிட்னி கேட்டால் அதைக் கொழுப்புக்குள்ளிருந்துதான் எடுத்துத் தருவார். அந்தக் கொழுப்புதான் சிடியில் நமக்குத் தோழன். கொழுப்பு கருமையாகத் தெரிவதால்தான் உறுப்புக்கும் உறுப்புக்கும் நடுவே கோடு விழுகிறது. வற்றி உலர்ந்த நோயாளி வந்தால் எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒன்றும் பிரியாது. தொப்பை போட்டவர் படம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். மாணவர்கள் நேர்மாறாக நினைக்கிறார்கள்.

கசாப்புக்கும் நம் துறைக்கும் பழைய உறவு உண்டு. ரஷ்யாவில் பிரகோவ் என்று ஒரு சர்ஜன். பீட்டர்ஸ்பர்க் குளிர்காலத்தில் சந்தையில் உறைந்து கிடந்த பன்றிகளை அறுத்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். உறைந்த உடல்களை ரம்பத்தால் மூன்று திசையிலும் அறுத்து, ஒவ்வோர் அறுப்பையும் வரைந்து 1850களில் வெளியிட்டார். எக்ஸ்ரே வருவதற்கு நாற்பது வருடம் முன்னால்! வெட்டுமுகத்தை அன்றாடம் பார்த்தாக வேண்டிய வேலை சிடிக்குப் பிறகுதான் உலகத்தில் உண்டானது. அதுவரை அந்தப் படங்கள் நமக்காகக் காத்திருந்தன என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, மாடு. அயோர்ட்டா வளைவிலிருந்து வழக்கமாக மூன்று கிளை. சிலருக்கு முதல் இரண்டும் ஒரே இடத்தில் கிளம்பும். அதை "போவைன் ஆர்ச்" என்பார்கள், அதாவது மாட்டு வளைவு. மாட்டுக்கு அப்படிக் கிடையாது! மாட்டுக்கு ஒரே ஒரு பெரிய கிளை வந்து, பிறகுதான் பிரிகிறது. மாட்டைக் கேட்காமலே பேர் வைத்துவிட்டார்கள்.

என் முறை வந்துவிட்டது.

இரவுப்பணி, 02.09.2024, இரவு 1:15

விண்டோ, அதாவது சிடி எண்களில் எந்தத் துண்டைத் திரையில் காட்டுவது என்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சிடி ஒவ்வொரு பொருளுக்கும் அடர்த்தியைப் பொறுத்து ஓர் எண் கொடுக்கும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 பக்கம், புது ரத்தம் 50லிருந்து 70, கெட்டி எலும்பு 1000 தொடும், தாண்டும். இத்தனை எண்களையும் ஒரே நேரத்தில் கண்ணுக்குக் காட்ட முடியாது. அதனால் ஒரு துண்டை மட்டும் எடுத்து அதற்குள் வெள்ளையிலிருந்து கருப்புவரை பரப்புகிறோம். வயிற்றுக்கு அகலம் 400, நடு 40 என்றால் மைனஸ் 160க்குக் கீழே எல்லாம் ஒரே கருப்பு.

இதில் விழுகிற குழி என்னவென்றால், அந்த விண்டோவில் கொழுப்பும் கருமை, காற்றும் கருமை. குடல் ஓட்டையாகி வெளியே வந்த காற்றுக் குமிழ், வயிற்றின் முன்சுவருக்கு அடியில் ஒதுங்கி, கொழுப்பு மாதிரி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். லங் விண்டோவுக்கு, அதாவது நுரையீரல் பார்க்கிற விண்டோவுக்கு, மாற்றினால் உடனே மாட்டிக்கொள்ளும். வயிறாக இருந்தாலும் கடைசியில் ஒருமுறை லங் விண்டோவில் உருட்டிப் பாருங்கள். பத்து செகண்ட் வேலை.

மூளைக்கு அகலம் 80, நடு 40. நுரையீரலுக்கு 1500, மைனஸ் 600. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், கன்சோலில் பட்டன் இருக்கிறது. பட்டன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

இரவுப்பணி, 15.09.2024, மாலை 4:40

முதல் நாள் "இரண்டு பேருமே தப்பு" என்று அடித்துச் சொன்னேன். சீனியர் விஷயத்தில் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

நேற்று சீதாராம் யெச்சூரியின் உடலை டெல்லி எய்ம்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், மாணவர்கள் படிப்பதற்காக. சென்னையில் பிறந்தவர். அந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து டிஸெக்‌ஷன் ஹால் ஞாபகமாகவே இருக்கிறது.

நான் படித்தபோது எங்கள் பேட்சை மொத்தம் இரண்டு முறை ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். எம்.பி.பி.எஸ் பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்றார்கள், நாங்கள் அவர்களுக்குப் பின்னால். நான் பார்த்த அனாடமி எல்லாம் வெள்ளைக் கோட்டு முதுகுகள்தான். ஃபார்மலின் நெடியில் கண்ணீர் வேறு. வெளியே வந்து, இதில் ஒன்றுமில்லை, நமக்கெதற்கு என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த எரிச்சல்தான் இத்தனை வருடமும் கருத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது.

ஏழெட்டு வருடம் முன்னால், அனாடமி துறையில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிக் கூட்டிப் போனார். ஒரு வயிறு திறந்து வைத்திருந்தார்கள். "எதைப் பார்க்கணும்?" என்றார். பாக்குவெட்டி என்றேன். கையுறை போட்டு, எஸ்.எம்.ஏ.வுக்கு அடியில் விரலை விடச் சொன்னார். தமனி வயர் மாதிரி உருண்டையாக, விறைப்பாக நின்றது. அதற்கு அடியில் அந்தச் சிரை, நனைந்த ரிப்பன் மாதிரி சப்பையாகக் கிடந்தது. எடையே இல்லை. ஐ.வி.சி.யும் அப்படித்தான், உள்ளே ரத்தம் இல்லாவிட்டால் காலியான துணிப்பை.

அதுவரை சிடியில் ஐ.வி.சி. சில பேருக்கு உருண்டையாகவும் சில பேருக்குத் தட்டையாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்று யோசித்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு விபத்து கேஸில் ஐ.வி.சி. கோடு மாதிரி தட்டையாகத் தெரிந்தபோது, விரல் நுனியில் அந்த ரிப்பன் வந்துபோனது. உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தெரிய வேண்டியவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, அது வேறு. ஆனால் நான் முதல்முறையாகப் படத்தை ஒரு பொருளாகப் பார்த்தேன்.

ஆகவே, பாடி பார்க்காமல் சிடி வராது என்பது பொய். பதினேழு வருடத்தில் முதல் பத்து வருடம் பார்க்காமலே ஓட்டினேன். பார்த்தால் என்ன மாறும் என்பது பார்த்த பிறகுதான் தெரியும். வாய்ப்புக் கிடைத்தால் முதுகுகளுக்குப் பின்னால் நிற்காதீர்கள், கேட்டு முன்னால் போங்கள்.

இரவுப்பணி, 28.09.2024, இரவு 11:20

"சிடியில் நீங்கள் செய்த பெரிய தப்பு என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

முன்பு ஒரு இடத்தில் வேலை. ஐம்பது வயசு தாண்டிய சர்க்கரை நோயாளி, இரண்டு காலுக்கும் ஆஞ்சியோ. கால் ஸ்கேன் என்றால் பெரும்பாலும் காலை முதலில் உள்ளே விடுகிற மாதிரி படுக்க வைப்போம். அப்படிப் படுக்க வைத்ததைக் கன்சோலிலும் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வயிறு எடுத்திருந்தேன், அது தலை முதலில். அவசரத்தில் அதை மாற்றாமல் விட்டுவிட்டேன். விளைவு, இடம் வலம் தலைகீழ்.

வயிறாக இருந்தால் கல்லீரல் காட்டிக்கொடுத்திருக்கும். காலில் கல்லீரல் கிடையாது. இரண்டு காலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. படம் அருமையாக வந்திருந்தது. இடது தொடைத் தமனியில் அடைப்பு, பளிச்சென்று.

போஸ்டிங் வந்து ஒரு வாரமே ஆன பையன் ஒருவன் கதவோரம் நின்றிருந்தான். நோயாளியை மேஜையிலிருந்து இறக்க உதவியவன் அவன்தான். திரையில் 3டி படத்தைப் பார்த்துக்கொண்டே, "சார், ஐயாவுக்கு வலது கால்லதானே கட்டைவிரல் இல்ல?" என்றான். படத்தில் இடது காலில் விரல் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "போய் அடுத்த பேஷண்டைக் கூப்பிடு" என்று விரட்டினேன். அவன் இரண்டடி நடப்பதற்குள் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

ரேடியாலஜிஸ்டிடம் சொன்னேன், பதிவைத் திருத்தினோம், திருத்தியதையும் எழுதி வைத்தோம். மறு ஸ்கேன் தேவைப்படவில்லை. சர்ஜன் எப்படியும் காலைப் பார்த்துத்தான் தொடுவார், அப்போது கண்டுபிடித்திருப்பார்தான். ஆனால் இன்னொருவர் கண்டுபிடிப்பார் என்று நம்பி நான் வேலை செய்ய முடியாது. அன்றிலிருந்து கால், கை எதுவானாலும் வலப்பக்கம் ஸ்கேனில் தெரிகிற மார்க்கர் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறேன்.

அந்தப் பையன் திரையைப் படிக்கத் தெரியாததால் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் திரையைப் படிக்கத் தெரியும்.

இரவுப்பணி, 02.10.2024, காலை 7:50

நேற்று அக்டோபர் 1. 1971ல் அதே நாள் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சிடி எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண். படம் 80க்கு 80 கட்டம். இன்று சாதாரணமாக 512க்கு 512. எண்பது கட்டத்தில் கட்டியைக் கண்டுபிடித்தார்கள், நம் பிள்ளைகளுக்கு 512லும் கணையம் தெரியவில்லை என்று சொல்லப் போவதில்லை. அந்த மெஷினைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்லை, இன்ஜினியர். இசைத்தட்டு போட்ட இ.எம்.ஐ. கம்பெனி ஆள். 1979ல் மருத்துவ நோபல் வாங்கினார்.

இரவுப்பணி, 10.10.2024, இரவு 10:10

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "கணையம் என்று நீங்கள் சொல்வது சதையியைத்தானே?" என்று கேட்டிருக்கிறார். சதையி என்றதும் நான் தசை என்று நினைத்து ஒரு பத்தி பதில் எழுதி, அனுப்பிவிட்டு, பிறகு அழித்தேன். அங்கே கணையம் சதையி, உதரவிதானம் பிரிமென்றகடு, தமனி நாடி, சிரை நாளம். நாளம் என்றால் நாங்கள் பொதுவாக எந்த ரத்தக் குழாயையும் சொல்வோம், சுரப்பியின் குழாயையும் சொல்வோம். ஒரே மொழியில் இரண்டு அட்லஸ்.

தேடிப் படித்தால், தமிழில் அனாடமி சொல்லிக் கொடுத்தது அங்கேதான் முந்தி நடந்திருக்கிறது. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்கிற அமெரிக்க மிஷனரி டாக்டர் 1847ல் வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அனாடமிக்கு அப்போது வைத்த பெயர் அங்காதிபாதம். சொல்லிப் பாருங்கள், வாயில் நன்றாக உருள்கிறது. எங்கள் டிபார்ட்மென்ட் போர்டில் எழுதச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

இரவுப்பணி, 20.10.2024, மதியம் 2:30

அல்ட்ராசவுண்ட் பற்றி: வெளிநாட்டு வீடியோவில் மாணவர்கள் ஒருவர் வயிற்றில் ஒருவர் ப்ரோப் வைத்துப் படிக்கிறார்களே, நாமும் செய்யலாமா என்றால், கூடாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994ல் வந்த சட்டம் இருக்கிறது. பதிவு செய்த இடத்தில், பதிவு செய்த மெஷினில், தகுதியுள்ள டாக்டர்தான் ஸ்கேன் செய்யலாம். நண்பன் வைத்திருக்கிறான், மொபைலில் செருகுகிற ப்ரோப்தான் என்றெல்லாம் விளையாடாதீர்கள். டாக்டர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

இரவுப்பணி, 01.11.2024, காலை 10:00

நேற்று தீபாவளி, நைட் ட்யூட்டி. பட்டாசுக் கை இரண்டு, பட்டாசுக் கண் ஒன்று. ஸ்டாஃப் ரூமில் ஜாங்கிரி வந்தது. போஸ்டிங் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். சாப்பிடப் போனவர்களை நிறுத்தி, ஒரு ஜாங்கிரியைப் பேப்பர் தட்டில் வைத்துக் குறுக்கே கத்தியால் வெட்டினேன்.

வெட்டுமுகத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி வட்டம், நடுவில் பாகு. "இது எத்தனை குழாய்?" என்றேன். ஒருத்தி எண்ணி, எட்டு என்றாள். இன்னொருத்தி ஒன்று என்றாள். இரண்டாவது ஆள் பாஸ். குடலும் இதே சங்கதிதான், திரையில் முப்பது வட்டம் தெரியும், ஒரே குழாய். வட்டத்தைப் பார்த்தால் குழாய் நேராக வருகிறது, நீள்வட்டம் என்றால் சரிந்து போகிறது, நீளப் பட்டை என்றால் அந்த இடத்தில் படுத்திருக்கிறது. வீட்டில் முருங்கைக்காய் நறுக்கும்போதே இதைப் பார்க்கலாம். நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீளும். உள்ளே இருக்கிற விதை எந்தத் துண்டில் தலை காட்டி எந்தத் துண்டில் மறைகிறது என்று பாருங்கள், கட்டி ஒன்றை ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தொடர்வதும் அதுதான்.

முதலில் எட்டு என்று சொன்னவள் தன் தரப்பில் நியாயம் இருப்பதாக இன்னும் வாதாடுகிறாள். ஜாங்கிரி பிழிகிறவர் நடுவில் கையை எடுத்திருக்கலாமாம். யோசித்துப் பார்த்தால், குடலை வெட்டி ஒட்டிய ஆபரேஷன் கேஸில் அவள் சொல்வது சரி.

இரவுப்பணி, 08.11.2024, இரவு 9:30

1895ல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்ட நாள். டிபார்ட்மென்டில் கோலப் போட்டி. முதல் பரிசு வாங்க வேண்டிய கோலம் ஒரு மார்புக்கூடு. பன்னிரண்டு ஜோடி விலா, எண்ணிப் பார்த்தேன், சரி. நடுவில் சிவப்புப் பொடியில் இதயம், ஆனால் முனை அந்த ஆளின் வலப்பக்கம். மூன்று மணி இளைஞர்தான் ஞாபகம் வந்தார். சொன்னேன். போட்ட பெண் அசராமல், "சார், இவர் குப்புறப் படுத்திருக்கார்" என்றாள். அப்படியென்றால் மார்பெலும்பு எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "எக்ஸ்ரேயில எல்லாம் தெரியும் சார்." இரண்டாம் பரிசு.

இரவுப்பணி, 21.11.2024, இரவு 12:40

விசிபிள் ஹியூமன் படங்கள் வெளியாகி இந்த மாதத்தோடு முப்பது வருடம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் செய்தது. ஒரு முழு உடலை உறைய வைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழைத்து, ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்தார்கள். 1,871 ஸ்லைஸ். அடுத்த வருடம் வந்த பெண்ணின் உடலுக்கு 5,000க்கு மேல். பிரகோவின் ரம்பத்திலிருந்து எவ்வளவு தூரம்! ஆணின் உடல், டெக்சாஸில் 1993ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜோசப் பால் ஜெர்னிகனுடையது. உடலைத் தானம் செய்யச் சம்மதித்திருந்தார். ஆனால் முழு உடலும் இப்படி உலகம் பார்க்கப் போகிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டதா என்கிற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தப் படங்களில்தான் நான் முதன்முதலில் வெட்டுமுகம் படித்தேன். பெயர் தெரிந்த பிறகு அடுத்த முறை திறக்கும்போது கொஞ்சம் தயங்கினேன். உலகத்துக்கே மாதிரியாக வைத்த அந்த உடலிலும் குடல்வால் இல்லை, ஏற்கெனவே ஆபரேஷனில் எடுத்திருந்தார்கள். சராசரி மனிதர் அங்கும் அகப்படவில்லை.

இரவுப்பணி, 03.12.2024, மாலை 7:15

தங்கச்சி, உங்கள் மெசேஜ் பார்த்தேன். போஸ்டிங்கில் நீங்களாகவே அயோர்ட்டாவைப் பிடித்துப் போய், இடது சிறுநீரகச் சிரை பின்னால் போவதைக் கண்டுபிடித்ததும், டாக்டர் ரிப்போர்ட்டில் அது ஏற்கெனவே இருந்ததும் நல்ல சேதி. மானிட்டரை மொபைலில் படமெடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மூலையில் நோயாளி பெயர், வயசு, நம்பர் எல்லாம் இருக்கும். வாட்ஸப்பில் போனது போனதுதான். பேப்பரில் வரைந்து அனுப்புங்கள்.

இரவுப்பணி, 04.12.2024, காலை 8:05

படம் வந்தது. நன்றாக வரைந்திருக்கிறீர்கள். எந்த முள்ளெலும்பு மட்டம் என்று எழுதவில்லை. வலது, இடது குறிக்கவில்லை. குறித்து மறுபடி அனுப்பவும்.